கர்ப்பந் தாங்கும் மருந்தும் கத்தோலிக்க மனச்சாட்சியும்



இவ்வாரம் எழுதப்போகும் காரியம் நம் மடலில் நீங்கள் வழக்கமாய் வாசிக்கும் காரியமல்ல. குருவானவர் இதைப்பற்றியெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். எழுதாமல் விட்டதனால் ஒரு வீட்டில் நேர்ந்த துன்பம் என் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது, ஆகையால் எழுதுகிறேன். அக்குடும்பத்தாரின் சம்மதத்தோடும், அவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாதபடியும் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின், ஓர் இளம் மனைவி தன் புருஷனோடு பங்கு வீட்டுக்கு வந்தாள். விவாகமாகி ஆறு வருஷம். இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. மூன்றாம் முறை கருவுற்றிருக்கையில் சிறிது இரத்தம் காணவே, டாக்டர் அம்மாள் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது வாயால் விழுங்குவதல்ல. நம் பெண்கள் தங்களுக்குள் ‘கீழே வைக்கிற மாத்திரை’ என்று சொல்லிக்கொள்வது. பெட்டியிலிருந்த காகிதத்தில் ‘ஹார்மோன்’ என்ற சொல்லைக் கண்ட மாமியார், “ஹார்மோன் மாத்திரை பாவமென்று சாமி போன மாதந்தானே பிரசங்கத்தில் சொன்னார்?” என்று தடுத்துவிட்டார். மருமகளும் பயந்து மூன்று நாள் நிறுத்தினாள். பிறகு மனம் கேளாமல் என்னிடம் வந்து, “சுவாமி, இந்த மருந்தை வைத்துக்கொண்டு நான் நன்மை வாங்கலாமா?” என்று கேட்டாள்.

அந்த மாமியார் கெட்டவர் அல்ல. தினமும் ஜெபமாலை சொல்லுகிறவர். குற்றம் என்னுடையது. கருத்தடை மாத்திரையைப்பற்றிப் பிரசங்கித்த நான், எந்த மருந்து, எதற்காக என்று பிரித்துச் சொல்லாமல் ‘ஹார்மோன் மாத்திரை’ என்று பொதுவாய்ச் சொல்லிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லுகிறேன். இதை வீட்டில் புருஷனும் மனைவியும் சேர்ந்து வாசியுங்கள். மாமியார்மாரும் வாசியுங்கள்.

1. இந்த மருந்து என்ன?

இதன் பெயர் புரோஜெஸ்ட்ரோன். ‘சுமத்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் மொழியின் வினைச்சொல் இப்பெயருக்குள் இருக்கிறது. கர்ப்பத்தைச் சுமக்க உதவுவது என்பதே இதன் கருத்து. இது அந்நியப் பொருளல்ல. சிருஷ்டிகர் ஒவ்வொரு ஸ்திரீயின் சரீரத்திலும் ஏற்படுத்தி வைத்திருக்கும் ஒன்று.

மாதந்தோறும் சூலகத்திலிருந்து ஒரு கருமுட்டை வெளிப்படுகிறது. அது விட்டுப்போன இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு சுரப்பி உண்டாகிறது. வைத்திய நூல்கள் அதை இலத்தீனில் ‘கோர்ப்புஸ் லூத்தேயும்’, அதாவது மஞ்சள் உடல், என்று அழைக்கின்றன. இதுவே புரோஜெஸ்ட்ரோனைச் சுரந்து, கருப்பையின் உட்புறத்தை மெத்தைபோல் பக்குவப்படுத்துகிறது; கருப்பை சுருங்கித் துடிக்காதபடி அதை அமைதிப்படுத்துகிறது. கரு உண்டாகாவிட்டால், சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பி வாடிப்போகும். சுரப்பும் நின்று, மாதவிலக்கு வரும்.

கரு உண்டானாலோ, நடப்பது வேறு. கருப்பையில் வந்து பதிகிற அச்சிறு உயிர் தானே ஒரு சுரப்பை அனுப்பி, அந்த மஞ்சள் உடலை வாடவிடாமல் காப்பாற்றுகிறது. தாய்க்குத் தான் கர்ப்பவதி என்பதே தெரியுமுன், ‘என்னைத் தாங்கு’ என்று குழந்தை கேட்க, தாயின் சரீரம் அதற்கு இணங்குகிறது என்று சொல்லலாம். ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளுகிறது. அதுவரை உள்ள வாரங்களில் புரோஜெஸ்ட்ரோன் போதாதென்று கருதும்போதோ, அபாயக் குறி காணும்போதோ, வைத்தியர்கள் வெளியிலிருந்து அதைக் கொடுக்கிறார்கள்.

இதைக் கண்டறிந்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னர், வில்லார்ட் ஆலன் என்னும் இருவர், 1929-ம் ஆண்டில், சூலகம் நீக்கப்பட்ட முயல்களுக்கு இந்த மஞ்சள் உடலின் சாரத்தைக் கொடுத்துக் கர்ப்பத்தை நிலைநிறுத்திக் காட்டினார்கள். 1934-ல் அது தூய பொருளாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அக்காலத்தில் அது பொன்னிலும் விலையுயர்ந்தது. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்னும் இரசாயனர் மெக்சிக்கோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து அதைச் செய்யும் வழியைக் கண்டபின்புதான் ஏழைகளுக்கும் எட்டும் மருந்தாயிற்று. (இதை வாசித்துவிட்டு ஒருவரும் வள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுக்க வேண்டாம். கிழங்கிலுள்ள பொருளை நம் சரீரம் புரோஜெஸ்ட்ரோனாக மாற்ற இயலாது. அது தொழிற்சாலையில் நடக்கும் வேலை.)

2. ஏன் கீழே வைக்கிறார்கள்? எப்படி வைப்பது?

வாயால் விழுங்கினால், இம்மருந்தின் பெரும்பகுதி ஈரலில் சிதைந்துபோகும். மயக்கமும் தூக்கமும் அதிகமாகும். ஊசியாகவும் போடலாம், ஆனால் எண்ணெயில் கரைத்த ஊசி மிகவும் வலிக்கும். பிறப்புறுப்பின் வழியாய் வைத்தால் மருந்து அருகிலுள்ள கருப்பையை நேரே சேருகிறது. காரணம் இவ்வளவே. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

நம் பெண்களில் பலர் கேட்கக் கூச்சப்பட்டுத் தவறாகச் செய்வதால், வைத்தியர்கள் சொல்லும் முறையைச் சுருக்கமாய்த் தருகிறேன்:

(அ) சோப்பினால் கையைக் கழுவுங்கள். சிறுநீர் கழித்தபின், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொண்டு, விரலாலோ, மருந்தோடு கொடுக்கப்படும் குழலாலோ உள்ளே வையுங்கள். அதன்பின் அரை மணி நேரம் படுத்திருப்பது நல்லது. ஆகையால் இரவு மருந்தை எல்லா வேலையும் முடித்துப் படுக்கும்போது வையுங்கள்.

(ஆ) பிற்பாடு மெழுகு போலவோ எண்ணெய் போலவோ சிறிது வெளிவரும். மருந்து வீணாயிற்று என்று பயந்து மற்றொன்றை வைக்கவேண்டாம். அது மருந்தைச் சேர்த்து வைத்திருந்த கொழுப்பே. துணியோ பஞ்சுப்பட்டையோ வைத்துக்கொண்டால் போதும்.

(இ) நம் ஊர் வெயிலில் சில வகை மாத்திரைகள் உருகிவிடும். அடுப்படி அலமாரியிலும் சன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வெப்பநிலையைக் கடைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இளகிப்போனதை உறையோடு சற்றுநேரம் குளிர்ந்த நீரில் போட்டால் இறுகும்.

(ஈ) ஒரு வேளை மறந்தால், நினைவு வந்தவுடன் வையுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதைமட்டும் வையுங்கள். இரண்டாகச் சேர்த்து வைக்கக்கூடாது.

(உ) முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதைத் தொடக்கத்திலேயே டாக்டரிடம் சொல்லவேண்டும். சிலவகை மாத்திரைகளில் நிலக்கடலை எண்ணெயோ சோயாப் பொருளோ சேர்ந்திருப்பதால், அவை ஒவ்வாதவர்களும் சொல்லவேண்டும்.

(ஊ) அதிகமான இரத்தப்போக்கு, அடிவயிற்றில் ஒருபுறம் கடும் வலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல் ஆகிய இவற்றில் ஏதொன்று கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. இம்மருந்தே மாதவிலக்கைத் தள்ளிப்போடும். மார்பு கனக்கும், வயிறு உப்பும். இவற்றைக் கண்டு கர்ப்பமென்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு அழவேண்டாம். பரிசோதனை செய்தே அறியவேண்டும்.

3. எவ்வளவு நம்பலாம்?

அதிகமாகவும் நம்பக்கூடாது, வீணென்று தள்ளவுங் கூடாது. இங்கே நான் ஆராய்ந்து அறியப்பட்டதைச் சொல்லுகிறேன்.

காரணந் தெரியாமல் பலமுறை கரு கலைந்த 836 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. கர்ப்பம் தெரிந்த உடனே பாதிப்பேருக்கு இம்மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து வைத்தவர்களில் நூற்றுக்கு 65.8 பேரும், வைக்காதவர்களில் 63.3 பேரும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். மருந்தால் பலன் என்று உறுதியாய்ச் சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை.

பிறகு பிரிட்டனில் 48 ஆஸ்பத்திரிகளில், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இரத்தம் கண்ட 4,153 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 75-ம் 72-ம். இங்கும் வித்தியாசம் சொற்பமே. ஆனால் முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ கரு இழந்து, இப்போது இரத்தமும் கண்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மருந்து வைத்தவர்களில் நூற்றுக்கு 72 பேரும் வைக்காதவர்களில் 57 பேரும் குழந்தை பெற்றார்கள். சிசுக்களுக்கோ தாய்மாருக்கோ மருந்தினால் தீங்கு மிகுந்ததாகக் காணப்படவில்லை. இதன்பேரில் 2021-ல் இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டும் நிறுவனம், முன்பு ஒரு முறையாவது கரு இழந்து, இம்முறை இரத்தம் காணும் தாய்மாருக்கு 400 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் இருவேளை கொடுக்கலாமென்றும், குழந்தையின் இருதயத் துடிப்பு தெரிந்தால் 16 வாரம் நிறையும்வரை தொடரலாமென்றும் கூறியது.

ஆகவே, இது எல்லாருக்கும் பலன் தருவதல்ல. குறித்த சிலருக்கு மெய்யான உதவி. இரத்தத்தில் இச்சுரப்பின் அளவு மணிக்கு மணி ஏறி இறங்குவதால், ஒரு பரிசோதனையைக் கொண்டு ‘குறைவு’ என்று தீர்ப்பதும் எளிதல்ல. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பலித்ததென்று அவளுடைய சீட்டைக் காட்டி நீங்கள் மருந்து வாங்கவேண்டாம்.

4. திருச்சபை என்ன போதிக்கிறது?

அடிப்படை விதி ஒன்றே: மணவாளரும் மணவாட்டியும் ஒருவருக்கொருவர் தங்களைக் கையளிக்கும் செயலுக்கு வைத்தியம் துணைசெய்யலாம், அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளக்கூடாது. 12-ம் பத்திநாதர் 1949-ல் கத்தோலிக்க மருத்துவர்களிடம் பேசியபோது இவ்வேறுபாட்டைக் காட்டினார். 1987-ல் விசுவாசக் கோட்பாட்டுச் சபை ‘தோனும் வீத்தே’ என்னும் போதனையில் இதையே விரித்துரைத்தது. 2008-ல் வெளியான ‘திஞ்ஞித்தாஸ் பெர்சோனே’ என்னும் போதனையோ, குழந்தையில்லாக் குறைக்குச் செய்யும் ஹார்மோன் சிகிச்சையைப் பெயர் சொல்லியே ஏற்கத்தக்கவற்றில் வைத்திருக்கிறது.

அப்படியானால் கருத்தடை மாத்திரை? அதிலும் புரோஜெஸ்ட்ரோனைப் போன்று செயற்கையாய்ச் செய்யப்பட்ட பொருள் இருப்பது மெய்தான். கருமுட்டை வெளிப்படாமல் தடுத்து, கரு உண்டாகாதிருக்கும்படியே அதைக் கருத்தடையாகக் கொடுக்கிறார்கள். நாம் பேசுகிற மருந்தோ, முட்டை வெளிப்பட்டபின்போ, கரு உண்டானபின்போ, அது நிலைக்கும்படி கொடுக்கப்படுகிறது. ஒரே கயிற்றால் கிணற்றில் விழுந்தவனைத் தூக்கலாம். ஒருவன் கழுத்தையும் நெரிக்கலாம். பாவமும் புண்ணியமும் கயிற்றில் இல்லை. 6-ம் சின்னப்பரும் 1968-ல் தமது ‘ஹுமானே வீத்தே’ நிருபத்தில், நோயைக் குணப்படுத்த மெய்யாகவே தேவையான சிகிச்சையைத் திருச்சபை தடுக்கவில்லையென்று தெளிவாய்ச் சொல்லியிருக்கிறார்.

5. அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

வினா: இம்மருந்தை உபயோகிப்பது பாவமா?
விடை: பாவமல்ல. குழந்தையைத் தாங்கும்படி தாய் மருந்து எடுப்பது அன்பின் செயல். தாராளமாய் நன்மை வாங்கலாம்.

வினா: சோதனைக் குழாய் முறையில் கருவுற்ற ஒருத்திக்கும் இதே மருந்தைக் கொடுக்கிறார்களே?
விடை: ஆம். அம்முறையில் சூலகத்தின் இயற்கையான சுரப்பு பலவேளைகளில் போதாதாகையால், இது வழக்கமாய்க் கொடுக்கப்படுகிறது. அம்முறையைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் அதனால் உண்டான குழந்தை சர்வேசுரனுடைய சாயலே. அதை அன்போடு ஏற்கவேண்டுமென்றே திருச்சபை கூறுகிறது. கருவுற்றபின், ‘நீ செய்தது தவறு, மருந்தை நிறுத்து’ என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. அக்குழந்தையைக் காப்பது கடமை. அந்தத் தாயைப் பழித்துப் பேசுவது தனிப் பாவம்.

வினா: குழந்தையில்லாவிட்டால் மனைவிக்குத்தானே சிகிச்சை?
விடை: அல்ல. உலகத்தில் ஆறுபேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இத்துன்பத்தை அறிகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கூறியது. அதில் ஆண்மகனிடம் காரணம் இருப்பதும் மிகச் சாதாரணம். புருஷனைப் பரிசோதிக்காமல் மனைவிக்குமட்டும் வருஷக்கணக்காய் மருந்து கொடுப்பது நியாயமுமல்ல, புத்தியுமல்ல.

வினா: மருந்து வைக்கும்போது இரத்தம் கண்டால் நிறுத்திவிடலாமா?
விடை: நீங்களாக நிறுத்தக்கூடாது. டாக்டரைக் கேளுங்கள். தொடங்குவதும் முடிப்பதும் அவர் சொற்படியே ஆகவேண்டும். கருமுட்டை வெளிப்படுமுன்னே இதைத் தொடங்கினால், வேண்டிய கருவையே தடுக்கவும் கூடும். ஆகையால் நாள் கணக்கு முக்கியம்.

வினா: ஜெபத்தை நம்பினால் போதாதா?
விடை: ஜெபமும் மருந்தும் சக்களத்திகள் அல்ல. மருந்தின் குணத்தைப் படைத்தவரிடமே ஜெபிக்கிறோம்.

6. வீட்டாரின் கடமை

இம்மருந்தை ஒளித்து ஒளித்து உபயோகிக்கிற பெண்கள் நம் பங்கில் இருக்கிறார்கள் என்று அறிவேன். கூட்டுக்குடும்பத்தில் அரை மணி நேரம் படுத்திருக்க அவளுக்கு இடமில்லை. ‘பகலில் என்ன படுக்கை?’ என்கிறார்கள். புருஷன்மாரே, அந்த அரை மணி நேரத்தை அவளுக்கு வாங்கிக்கொடுப்பது உங்கள் வேலை. கடைக்குப் போய் மருந்து வாங்கிவாருங்கள். வெட்கமாயிருந்தால் அந்த வெட்கத்தை ஒறுத்தலாக ஒப்புக்கொடுங்கள். அன்னாள் பிள்ளையில்லாமல் ஆலயத்தில் உதடசைத்து அழுதபோது, குருவாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். கண்ணீரைத் தப்பாய்ப் படிப்பது குருக்களுக்கும் நேருமென்று, அந்தப் பகுதியை இப்போது வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உறைக்கிறது.

இனி, முதலில் சொன்ன பெண்ணிடம் வருகிறேன். அவள் அன்றைக்கே டாக்டர் அம்மாளிடம் போய், மருந்தை மறுபடியும் தொடங்கினாள். எனினும் இரண்டு வாரம் கழித்துக் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது அவள் கேட்டது ஒன்றே: “சுவாமி, அந்த மூன்று நாள்தான் காரணமா?”

எனக்கு நா எழவில்லை. டாக்டர் அம்மாள்தான் அருகில் உட்கார்ந்து சொன்னார்: ஆரம்ப மாதங்களில் கலைகிற கருக்களில் சுமார் பாதிக்குக் காரணம், கரு உண்டானபோதே அதன் குரோமோசோம்களில் நேர்ந்துவிட்ட பிசகு, அவற்றை எந்த மருந்தும் நிறுத்தியிராது, அந்த மூன்று நாள்தான் காரணமென்று ஒருவரும் சொல்லமுடியாது, அவள் தூக்கின குடமோ, ஏறின படியோ, மனக்கவலையோ காரணமல்ல. அவள் தலையசைத்தாள். வாசலில் நின்ற மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு உள்ளே வந்து மருமகளின் காலடியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

கருவிலேயே மரித்த குழந்தைகளைத் திருச்சபை சர்வேசுரனுடைய அளவற்ற இரக்கத்துக்கு ஒப்புக்கொடுத்து நம்பிக்கையோடிருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தைக்காகப் பூசை கேட்க வெட்கப்படாதீர்கள். அது எண்ணத்தக்க பிள்ளையே.

என் பிரசங்கம் உங்கள் மனதில் சந்தேகம் உண்டாக்கினால், மருந்தை நிறுத்துமுன் என்னைக் கேளுங்கள். பங்கு வீட்டுக் கதவு இரவிலும் திறக்கும். மருந்தைப்பற்றிய கேள்விக்கு டாக்டரிடமும், மனச்சாட்சியைப்பற்றிய கேள்விக்குக் குருவிடமும் போங்கள். இரண்டுக்கும் அண்டை வீட்டாரிடம் போகாதீர்கள்.

இவ்வாரக் குடும்ப ஜெபத்தில், கருவைத் தாங்கி நிற்கும் தாய்மாருக்காகவும், கருவை இழந்த தாய்மாருக்காகவும் ஒரு பரலோக மந்திரமும் மூன்று பிரியதத்த மந்திரமும் சொல்லுங்கள். அந்த மாமியாரும் மருமகளும் இப்போது சேர்ந்தே அதைச் சொல்லுகிறார்கள்.

உங்கள்மேல் ஆண்டவருடைய ஆசீர்வாதம் தங்குவதாக.

உங்கள் பங்குக் குரு